பானெட்டைத் திறப்பவர்கள்

"பொண்டாட்டி மாதிரி பாத்துக்கிட்ட வண்டிங்க மேடம்" என்றார் விற்றவர். நான் பானெட்டைத் தூக்கி ஏர் ஃபில்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றினேன். பழைய டீசல் ஜீப்பில் அந்தக் கிண்ணத்தில் கொஞ்சம் எஞ்சின் ஆயில் நிற்கும். உள்ளே போகிற காற்றின் தூசியை அது பிடித்துக்கொள்ள வேண்டும். இதில் ஆயில் இல்லை, கறுப்புச் சேறுதான் இருந்தது. கடைசியாக எந்த வருடம் கழுவியது என்று அவருக்கே தெரியவில்லை. அவர் மனைவியை நினைத்துக்கொண்டேன். விலையில் ஐயாயிரம் குறைத்துக் கேட்டேன்.

வண்டி மஹிந்திரா எம்.எம். 540. விடுதலைக்குப் பிறகு வில்லிஸ் ஜீப்புகளை இங்கே பொருத்தி விற்கத் தொடங்கிய நிறுவனம், 1980களில் பெஜோவின் எக்ஸ்.டி.பி. 4.90 டீசல் எஞ்சினை வைத்துச் செய்த ஜீப். 4 என்பது சிலிண்டர்களின் எண்ணிக்கை, 90 என்பது ஒவ்வொன்றின் விட்டம், மில்லிமீட்டரில். மொத்தம் 2,112 சி.சி. கணினி கிடையாது, சென்சார் கிடையாது. ஸ்பேனர் செட், ஸ்க்ரூ டிரைவர், ஃபில்லர் கேஜ் இருந்தால் பாதி வேலையை வீட்டு வாசலிலேயே பார்த்துவிடலாம். எஞ்சினும் ஒரு பிரதிதான், அதையும் வாசிக்கலாம் என்று எழுதத் தமிழ்ப் பேராசிரியருக்குக் கை துறுதுறுக்கும். எழுதப் போவதில்லை. எஞ்சின் எஞ்சின்தான். அதைப் பற்றிப் பேச யாருக்கு உரிமை இருக்கிறது என்பதே என் கேள்வி. அது எனக்குப் போடியில் தொடங்கியது.

போடிநாயக்கனூரைச் சுற்றியுள்ள ஊர்களில் விடியுமுன் ஜீப்புகள் கிளம்பும். உள்ளே பெண்கள். போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி, கேரள எல்லையைத் தாண்டி, பூப்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் காய் எடுத்து, களை வெட்டி, இருட்டுகிற நேரம் திரும்புவார்கள். மடியில் தூக்குவாளி, தோளில் மழைக்கான பிளாஸ்டிக் தாள். பத்துப் பேருக்கான வண்டியில் பதினைந்து பேருக்குக் குறைந்து நான் பார்த்ததில்லை. தலைக்கு இவ்வளவு என்று கணக்கு. தலை கூடினால் வண்டிக்காரருக்கு லாபம் கூடும். என் அம்மா இருபத்திரண்டு வருடம் அப்படிப் போனாள். நான் வாங்கிய முனைவர் பட்டத்துக்கு முதல் அந்தப் பின்சீட்டிலிருந்து வந்தது.

இருபத்திரண்டு வருடம் ஒரு வண்டிக்குள் உட்கார்ந்தால் காது பழகிவிடும். அம்மாவுக்கு 'பிரேக் லைனர்' என்ற சொல் தெரியாது. "இன்னிக்குத் தகரம் தேய்க்கிறான்" என்பாள். லைனர் ரிவெட் வரைக்கும் தேய்ந்துபோனால் இரும்பு டிரம்மில் உரசும். அந்தச் சத்தத்தைத்தான் சொல்லியிருக்கிறாள். வளைவுகளில் தொடர்ந்து பிரேக் மிதித்தால் லைனர் சூடேறிக் கருகும், பிடிப்பு குறையும். அந்த வாடைக்கு அவள் வைத்த பெயர் 'தீய்ஞ்ச செருப்பு'. கறுப்புப் புகை வந்தால் எஞ்சினுக்குக் காற்று போதவில்லை, அல்லது டீசல் அதிகம் இறங்குகிறது. நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் டீசல் சரியாக எரியாமல் வெளியேறுகிறது, அல்லது உள்ளே தண்ணீர் கசிகிறது. இவற்றை நான் பட்டறையில் கற்றேன். அம்மா தினமும் வண்டிக்குப் பின்னால் நின்று ஏறியவள். நிறங்கள் அவளுக்கு முன்பே தெரியும், காரணங்களை மட்டும் யாரும் சொல்லவில்லை.

எனக்குப் பதினான்கு வயதிருக்கும்போது ஒரு சாயங்காலம். மலை இறங்குகையில் டிரைவர் கியரை நியூட்ரலில் போட்டுவிட்டார், டீசல் மிச்சமாம். ஏறுகிற கியரிலேயே இறங்கினால் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். நியூட்ரலில் விட்டால் பதினைந்து பெண்களின் எடையும் பிரேக் ஒன்றின் மேல் வந்து விழும். அம்மாவுக்கு இந்த விளக்கமெல்லாம் தெரியாது. எஞ்சின் சத்தம் இறங்குகிறது, காற்றின் சத்தம் ஏறுகிறது, செருப்பு தீய்கிறது; அவ்வளவுதான் தெரியும். "நிறுத்துப்பா, நான் எறங்கிக்கிறேன்" என்றாள். "ஒனக்கென்னக்கா வண்டியப் பத்தித் தெரியும், பேசாம வா" என்றார் அவர். அவள் விடவில்லை. ஐந்து பேர் இறங்கினார்கள். மீதி மலையை இருட்டில் நடந்தே இறங்கினார்கள்.

வண்டி பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்தது. மறுநாள் அந்த ஐந்து பேருக்கும் வண்டியில் இடமில்லை. எட்டு நாள் கூலி போயிற்று. தெருவில் அம்மாவை 'மெக்கானிக்கு' என்று கேலி பேசினார்கள். ஒன்றும் நடக்கவில்லை என்பதால் அவள் சொன்னது பொய் என்று எல்லோரும் முடிவு செய்தார்கள். எனக்கு இன்றுவரை உறுத்துவது இதுதான். ஒரு பெண்ணின் பயம் நியாயமானது என்று ஒப்புக்கொள்ள வண்டி பள்ளத்தில் விழ வேண்டியிருக்கிறது.

நாற்பதைத் தாண்டி இந்த ஜீப்பை வாங்கியதும் நான் பட்டறைக்குப் போகத் தொடங்கினேன். முதல் கேள்வி, "சார் வரலீங்களா?" சார் இல்லை என்றதும், துணைக்கு வந்த என் மாணவனைப் பார்த்துப் பேசினார் மேஸ்திரி. எதிரில் நின்ற எனக்குப் பதில் அவன் வழியாக வந்தது. உட்கார ஒரு டயர், மறைவுக்குப் பாதி இடிந்த சுவர். பேச்சு முழுக்க டேப்பட், நாசில், கிரவுன், கிராஸ், பட்டை. இவை எதையும் பட்டறைப் பையன்கள் புத்தகத்தில் படித்ததில்லை. பத்துப் பன்னிரண்டு வயதில், பள்ளிக்கூடம் நின்றுபோய், வண்டிக்கு அடியில் விளக்குப் பிடித்துப் பழகியவர்கள். வறுமை அவர்களை அங்கே அனுப்பியது. அதே வறுமை அவர்களின் அக்கா தங்கைகளைத் தோட்டத்துக்கு ஜீப்பில் அனுப்பியது. விளக்குப் பிடிக்கும் வேலை எந்தப் பெண் குழந்தைக்கும் கிடைக்கவில்லை. 1993இல் வசந்தகுமாரி தமிழ்நாட்டு அரசுப் பேருந்தின் முதல் பெண் ஓட்டுநரானார். ஓட்டும் பெண்ணைப் பார்க்க ஊர் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகியது. வண்டிக்கு அடியில் படுத்திருக்கும் பெண்ணைப் பார்க்க இன்னும் பழகவில்லை.

நான் விளக்குப் பிடித்தேன். மூன்றாவது மாதம் மேஸ்திரி என் கையில் ஸ்பேனரைக் கொடுத்தார். "ஏர் எடுங்க டீச்சர்."

டீசல் எஞ்சினில் தீப்பொறி போடும் பிளக் கிடையாது. காற்றை ஏறக்குறைய 20இல் ஒரு பங்காக நெருக்கினால் அது கொதிக்கிற சூடாகும். அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானாகப் பற்றும். பீய்ச்சும் நாசில் திறக்கப் பெரிய அழுத்தம் வேண்டும். குழாயில் காற்றுக் குமிழ் புகுந்துவிட்டால் பம்ப் தள்ளும் அழுத்தமெல்லாம் குமிழைச் சுருக்குவதிலேயே தீர்ந்துபோகும். டேங்க் காலியானாலும் ஹோஸில் ஒரு வெடிப்பு விழுந்தாலும் இதுதான் கதை. செல்ஃப் சுற்றும், வண்டி எடுக்காது. ஃபில்டரின் மேலுள்ள திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அழுத்த வேண்டும். முதலில் நுரை வரும். நுரை நின்று டீசல் தெளிவாக வழிந்ததும் திருகை இறுக்க வேண்டும். பிறகு நாசிலுக்குப் போகும் குழாய்களின் நட்டுகளைத் தளர்த்தி, செல்ஃப் அடித்து, டீசல் கசிந்ததும் ஒவ்வொன்றாக இறுக்க வேண்டும். எஞ்சின் இருமும், தும்மும், பிறகு பிடித்துக்கொள்ளும். ஓடுகிற எஞ்சினில் நாசில் பக்கம் கசிவைக் கையால் தடவிப் பார்க்கக் கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். இவ்வளவுதான் விஷயம். அரை மணி நேரத்தில் சொல்லித்தரக் கூடியது. இதைத் தெரியாமலே ஆயுள் முழுக்க "சார் வரலீங்களா" என்ற கேள்விக்கு முன் நிற்கப் பழக்கப்படுகிறோம்.

பழைய வண்டியை ஓடவைப்பது பெரும்பாலும் ரிப்பேர் அல்ல, பராமரிப்பு. ஃபில்டரின் அடியில் சேரும் தண்ணீரை இறக்குவது, பட்டைகளின் ஷேக்கிளுக்கும் கிராஸுக்கும் கிரீஸ் அடிப்பது, ஆயிலை நேரத்துக்கு மாற்றுவது, ஏர் ஃபில்டர் கிண்ணத்தைக் கழுவுவது. ஒழுங்காகச் செய்தால் எதுவும் நடக்காது. எதுவும் நடக்காததை யாரும் பாராட்டவும் மாட்டார்கள். எஞ்சினை இறக்கி ஏற்றுகிறவர் மேஸ்திரி, தினமும் துடைத்துக் கிரீஸ் அடிப்பவன் பையன். வீட்டுக்குள் இந்தப் பையனின் இடம் யாருடையது என்று நான் எழுத வேண்டியதில்லை. வண்டிக்கும் முதியவருக்கும் குழந்தைக்கும் தமிழில் பராமரிப்பு என்ற ஒரே சொல்தான். வண்டிக்குச் செய்தால் பில் வருகிறது. மற்ற இரண்டுக்கும் செய்தால் கடமை என்கிறார்கள். அதற்காக, பராமரிப்பு பெண்ணின் இயல்பு, அதனால் ஜீப்பும் அவளுக்குக் கைவரும் என்று யாராவது வாழ்த்தினால் ஏற்க மாட்டேன். எனக்கு இது கைவந்தது சட்டையில் கிரீஸ் படப் படக் கற்றதால்.

இப்போது ஊருக்குப் போகும்போதெல்லாம் மலைக்குப் போகிற பெண்களிடம் நான்கு விஷயங்கள் சொல்கிறேன். ஏறுமுன் டிரைவரைப் பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். பெடல் மெல்ல மெல்லக் கீழே போனால் எங்கோ கசிகிறது. முதல் மிதிக்குப் பிடிக்காமல் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிடித்தால் காற்று புகுந்திருக்கிறது, அல்லது பிரேக்கைச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. சக்கரத்தின் உட்பக்கம் ஈரமாக இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். இறக்கத்தில் எஞ்சின் சத்தம் சட்டென்று குறைந்தால் கியரில் போடச் சொல்லுங்கள்.

போன மாதம் என் மதினி போன் செய்தாள். "பெடலு கீழ போச்சுடி. நான் ஏற மாட்டேன்னேன். அவன் எப்பவும்போல, ஏறாட்டி நாளைக்கு வராதன்னான். அப்ப பாரு, செல்வி எறங்குனா, பெரியத்தை எறங்குச்சு. மொத்தப் பதினஞ்சு பேரும் எறங்கி ரோட்டுல நின்னுட்டோம். வெறும் வண்டிய ஓட்டிக்கிட்டு அவன் எங்க போவான்? பட்டறைக்காரன வரச் சொல்லி, ஏதோ வாசர மாத்தி, ஒம்பது மணிக்கு மேலதான் மலைக்குப் போனோம். கங்காணி அரை நாள் கூலிதான் குடுத்தான். நாளைக்கு அதையும் கேக்கணும்."