ஒரே சர்வே நம்பரில் ரெண்டு பெட்டி

இது 2018ல நடந்தது. பொறியியல் கலந்தாய்வு முதல் தடவையா ஆன்லைனுக்கு மாறின வருஷம். எங்க அம்மிணிக்கு மறுநாள் சாயங்காலத்துக்குள்ள காலேஜ் வரிசையைப் போட்டு முடிக்கணும். எங்க தோட்டத்துல செல்போன் சிக்னல் வரப்பு மேல ஏறி நின்னாத்தான் கிடைக்கும். வீட்டுல இருக்கிற லேண்ட்லைன் நெட்டை நம்பித்தான் இருந்தோம்.

அந்த வாரம் பார்த்து அண்ணன் பையன் ஒரு ரவுட்டர் கொண்டு வந்து மாட்டிட்டுப் போனான். "சித்தப்பா, இதுல ஃபயர்வால் இருக்கு, வெளியாளு உள்ள நுழைய முடியாது"ன்னான். தோட்டத்துக்கு முள்வேலி போடுற மாதிரின்னு நானும் சரின்னுட்டேன். அவன் பஸ் ஏறினான், நெட்டும் போச்சு.

லைன்தான் கோளாறுன்னு நினைச்சு லைன்மேனைக் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். பாவம், மழைத் தூறல்லயும் வந்தார். கம்பத்துப் பெட்டியில செம்புக் கம்பி ஜாயின்ட் பச்சை பூத்துக் கிடந்தது. வெட்டிச் சுரண்டி முறுக்கிவிட்டார். மோடத்துல டி.எஸ்.எல் விளக்கு சிமிட்டாம நின்னு எரிஞ்சது. "லைன் நல்லா இருக்குங்கண்ணா"ன்னு கிளம்பிட்டார். நெட் மட்டும் வரலை. அவருக்கு மறுபடியும் போன் பண்ணி இன்னொரு வசவு விட்டேன்.

ராத்திரி ஒன்பது மணி. அம்மிணி அழுகைய அடக்கிட்டு உட்கார்ந்திருக்குது. வீட்டுக்காரம்மா, "ஏனுங்க, கடைமடைக்குத் தண்ணி வரலைன்னா மொதல்ல மதகைத்தானுங்க பார்ப்பீங்க?"ன்னு கேட்டாங்க. சரியான கேள்வி. ரவுட்டரைக் கழட்டி வெச்சுட்டு, மோடத்துல இருந்து ஒயரை நேரா கம்ப்யூட்டர்ல சொருகினேன். நெட் வந்துருச்சு! மதகு நல்லாத்தான் இருக்கு, அடைப்பு நடுவுல. லைன்மேனைத் திட்டினது அப்பவே உறுத்த ஆரம்பிச்சுது.

அப்படியே விட்டிருக்கலாம். ஆனா அந்த ஒயர் ஒரு முழந்தான். கம்ப்யூட்டரைத் திண்ணைக்கும் உள்ளுக்கும் தூக்க முடியுமா? வீம்பும் ஒரு காரணம்னு வெச்சுக்குங்க. அம்மிணியை அந்த நேர் ஒயர்லயே உட்கார வெச்சு, வரிசையைப் போட்டு சேமிச்சு முடிக்கச் சொன்னேன். பதினோரு மணி ஆயிருச்சு. அப்புறம் ரவுட்டரைப் பழையபடி மாட்டினேன்.

மோடத்தோட பக்கத்தைத் திறக்க 192.168.1.1னு அடிச்சா ரவுட்டரோட பக்கம் வந்து நிக்குது. அதுல வெளிப்பக்க முகவரி 192.168.1.2ன்னு இருக்கு, அதாவது மோடம் கொடுத்தது. உள்பக்கத்துக்கு ரவுட்டர் தனக்குத்தானே வெச்சிருக்கிறது 192.168.1.1. மோடத்தை நேரா மாட்டினப்ப அதுக்கும் இதே நம்பர்தான்! ஒரே சர்வே நம்பர்ல ரெண்டு பட்டா. எங்க பங்காளி வழக்கு எட்டு வருஷம் இதனாலதான் ஓடுச்சு, அதனால எனக்கு உடனே புரிஞ்சுது. வேலிக்கு உள்ளயும் 192.168.1, வெளியயும் 192.168.1ன்னு இருந்தா, போற தபாலை எந்தப் பக்கம் அனுப்பறதுன்னு ரவுட்டருக்கு எப்படித் தெரியும்?

ரவுட்டரோட உள்முகவரியில மூணாவது எண்ணை மட்டும் மாத்தி 192.168.2.1ன்னு போட்டு சேமிச்சேன். ரெண்டையும் அணைச்சேன். மொதல்ல மோடத்தைப் போட்டு, விளக்கு நிலையா எரியற வரைக்கும் ரெண்டு நிமிஷம் பொறுத்து, அப்புறம் ரவுட்டரைப் போட்டேன். கம்ப்யூட்டரையும் ஒருதரம் அணைச்சுப் போட்டேன். பக்கம் திறந்துச்சு. ஃபயர்வால் மேல ஒரு தப்பும் இல்லை. அதை நான் அணைக்கவும் இல்லை.

அம்மிணி தூங்கிப் போயிருந்துச்சு. எழுப்பலை.

காலைல ஆறு எளநி வெட்டி வண்டியில வெச்சுட்டு லைன்மேன் வீட்டுக்குப் போனேன். "நீங்க கம்பியைச் சரி பண்ணலைன்னா மோடமே எந்திரிச்சிருக்காது தம்பி, நான் பேசினது தப்பு"ன்னேன். அவர் சிரிச்சுட்டு, "அந்த நம்பரை எழுதிக் குடுங்கண்ணா, இன்னும் ரெண்டு வீட்டுல இதே கதைதான்"ன்னார். அவரோட டைரியில நானே எழுதிக் குடுத்துட்டு வந்தேன்.