தேனிக்கு டிரான்ஸ்ஃபரா? பையை எடுங்க சார்!

தேனிக்கு மாற்றல் ஆர்டர் வந்த மறுநாளே உங்களுக்குச் சொந்தக்காரர்கள் அதிகமாகிவிடுவார்கள். பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத சித்தப்பா போன் பண்ணுவார். "தேனியாமேடா! அங்கே ஏலக்காய் கொள்ளை மலிவாமே..?" ஆபீசில் பிரிவுபசார விழா நடத்தி ஒரு சுவர்க்கடிகாரம் கொடுப்பார்கள். கடிகாரத்தோடு ஆளுக்குக் கால் கிலோ வீதம் ஏலக்காய் ஆர்டரும் சேர்ந்தே வரும்.

நான் தேனிக்கு வந்து மூன்று வருஷமாகிறது. டிரான்ஸ்ஃபர் எனக்கில்லை, என் மனைவிக்கு. பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கிறவனுக்கு டிரான்ஸ்ஃபரும் கிடையாது, பிராவிடண்ட் ஃபண்டும் கிடையாது. அவள் ஒன்பதரைக்கு ஆபீஸ் கிளம்பினால், ஒன்பது முப்பத்தொன்றுக்கு மஞ்சள் பையோடு நான் கிளம்புவேன். நான் படித்த பி.காம். முதன்முதலாக உபயோகப்பட்டது இந்தப் பள்ளத்தாக்கின் கடைவீதிகளில்தான்.

முதலில் ஊர். நகராட்சியின் முழுப்பெயர் தேனி அல்லிநகரம். நடுவில் நேரு சிலை. அங்கிருந்து மதுரை ரோடு, கம்பம் ரோடு, பெரியகுளம் ரோடு என்று மூன்றாகப் பிரியும். பிளாஸ்டிக் பக்கெட், குக்கர், கொடிக்கயிறு, கொசுவலை என்று ஒரு பேச்சிலருக்கு வேண்டிய அத்தனையும் சிலையைச் சுற்றிப் பத்து நிமிஷ நடையில் கிடைத்துவிடும். எல்லாம் வெளியூர்ச் சரக்கு. மதுரையில் என்ன விலையோ ஏறக்குறைய அதே விலை. இதற்காக நாலு கடை ஏறி இறங்கி ஆராய்ச்சி செய்வது வேஸ்ட். தேனி தனி மாவட்டமானது 1997-ல். அதுவரை மதுரை ஜில்லாதான். பழைய ஆட்கள் இன்னும் மனதளவில் பிரியவில்லை. கல்யாணப் பட்டு என்றால் "மதுரைக்குப் போயி எடுத்தாத்தேன் எடுத்த மாதிரி இருக்கும்" என்று பஸ் ஏறிவிடுகிறார்கள்.

இனி ஏலக்காய்.

போடிநாயக்கனூர் தேனியிலிருந்து 15 கிலோமீட்டர். பஸ் சதா ஓடுகிறது. ரயிலும் உண்டு. மீட்டர்கேஜ் ரயிலை 2010 கடைசியில் நிறுத்திவிட்டு, அகலப் பாதை போட்டு 2023 ஜூனில்தான் மறுபடி போடிவரை விட்டார்கள். இடைப்பட்ட பன்னிரண்டு வருஷத்தில் இரண்டாம் வகுப்புப் பையன் காலேஜுக்கே போயிருப்பான்.

போடியில் இறங்கியதுமே சில தெருக்களில் பாயசம் வாசனை மூக்கைத் துளைக்கும். "ஆகா, விளைகிற இடத்துக்கே வந்துவிட்டோம், அள்ளிக்கொண்டு போகலாம்" என்று தோன்றும். இரண்டுமே சரியில்லை. விளைவது பெரும்பாலும் மேலே, கேரளாவின் இடுக்கி மலைகளில். போடியில் இருப்பவை வியாபாரிகள், குடோன்கள், ஏல மையம். ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் ஒன்று இங்கே நடக்கிறது, இன்னொன்று மலைமேல் புற்றடியில். வியாபாரிகள் வரிசையாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பட்டனைத் தட்டுகிறார்கள். கூச்சல் கிடையாது, துண்டைப் போட்டு விரலைப் பிடிக்கும் வேலையும் கிடையாது. ஒரு லாட் இன்ன விலைக்குப் போனது என்பது, போடியில் டீ ஆறுவதற்குள் டெல்லி வியாபாரிக்குத் தெரிந்துவிடும். அப்புறம் போடிக் கடைக்காரர் மட்டும் உங்கள் முகவெட்டைப் பார்த்து எப்படிக் குறைப்பார்?

பி.காம். கணக்கு ஒன்று சொல்கிறேன். ஏலக்காய் காய்ந்த சரக்கு, லேசில் கெடாது. ஒரே மூட்டையில் லட்ச ரூபாய்க்கு மேல் பெறும். அந்த மூட்டைக்குச் சென்னைவரை லாரி வாடகை எவ்வளவு? அதைக் கிலோவுக்குப் பங்கிட்டால் எவ்வளவு? காலணா. ஆக, போடிக்கும் சென்னைக்கும் விலையில் பெரிய வித்தியாசம் வர வழியே இல்லை. 2018 வெள்ளமும், அதற்குப் பிறகு மழை பொய்த்ததும் சேர்ந்து விளைச்சலைக் கெடுத்ததில், 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய்வரை போனது. அன்றைக்குப் போடிக்காரர் வீட்டுப் பாயசத்திலும் ஏலக்காயை எண்ணித்தான் போட்டிருப்பார்கள். உலகத்திலேயே அதிகம் விளைவிக்கிற நாடு குவாத்தமாலா. அங்கே அடைமழை பெய்தால் போடிக்கு ஜலதோஷம்!

அதற்காக போடியில் ஏலக்காய் வாங்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. மலிவு கிடைக்காது, புதுச்சரக்கு கிடைக்கும். சல்லடையில் சலித்து மில்லிமீட்டர் கணக்கில் தரம் பிரிக்கிறார்கள். எட்டு எம்.எம்.முக்கு மேலே பெருசாய், பச்சையாய், மாப்பிள்ளை மாதிரி இருப்பதற்குத்தான் எகிறும் விலை. தரம் பிரிப்பதெல்லாம் பெண்கள். நாள் முழுக்கக் கண்ணும் விரலும் ஓயாது. அப்படி ஒரு அக்காவிடம், "உங்க வீட்டுக்கு எதுக்கா வாங்குவீங்க?" என்று கேட்டேன். "பெருசு வெளிநாட்டுக்காரவுகளுக்கு தம்பி. வாசம் உள்ள இருக்க அரிசியிலதான இருக்கு? நாங்க வெடிச்சதுதேன் போடுவோம்" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டிலும் சின்னக் காய்தான். காயை உடைத்துப் பாருங்கள். உள்ளே விதை கறுப்பாய், பிசுபிசுப்பாய் இருக்கவேண்டும். வெளிறிப்போய்ப் பொலபொலவென்று உதிர்ந்தால் பழசு.

ஊர் சுற்றத் தெரிந்த சரக்கு பிறந்த ஊரிலும் விலை குறையாது. நகரத் தெரியாத சரக்கு எது என்று தேடினால் அங்கேதான் நமக்கு யோகம்.

அதே போடியில் இருக்கிறது ஒன்று. இலவம்பஞ்சு! வருசநாடு, குரங்கணிப் பக்கத்து மலைகளில் இலவமரங்கள் ஏராளம். கோடையில் காய் வெடித்ததும் பஞ்சு போடிக்கு இறங்கும். இதை நூலாக நூற்கமுடியாது, வழுக்கும். தண்ணீரில் மிதக்கும். செயற்கை நுரையெல்லாம் வருவதற்கு முன்னால் உலகம் முழுக்கக் கப்பல்களின் உயிர்காப்பு உடைகளில் இந்தப் பஞ்சைத்தான் அடைத்தார்கள். நமக்குக் கப்பல் வேண்டாம், தூக்கம் வந்தால் போதும். மெத்தைக் கடைக்குப் போனேன்.

"அண்ணனுக்கு எத்தன கிலோல தலகாணி?"

என் தலை என்ன மதிப்புப் பெறும் என்று பல பத்திரிகை ஆசிரியர்கள் சொல்லியிருக்கிறார்கள். எத்தனை கிலோ என்று கேட்டது இவர் ஒருவர்தான். விஷயம் என்னவென்றால், உள்ளே எத்தனை கிலோ பஞ்சு என்பதை வைத்துத்தான் விலை. ரெடியாகத் தைத்து அடுக்கியிருப்பதை எடுக்காதீர்கள். உறையைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்து, எதிரிலேயே பஞ்சை எடை போட்டு அடைத்துத் தரச் சொல்லுங்கள். சந்தோஷமாகச் செய்கிறார்கள். ஒரு பிடி பஞ்சை முதலில் கையில் வாங்கி அழுத்திப் பாருங்கள். பட்டுப்போல வழுக்கிக்கொண்டு எழும்ப வேண்டும். கட்டி கட்டியாக நின்றால் மில் கழிவுப் பஞ்சு கலந்திருக்கலாம்.

இது ஏன் இங்கே கட்டுப்படியாகிறது என்றால், பஞ்சுக்கு எடை இல்லை, உடம்புதான் பெரிசு. சென்னையிலிருக்கும் அக்காவுக்கு ஒரு டபுள் மெத்தை அனுப்பலாம் என்று பார்சல் ஆபீசுக்குப் போனேன். தராசுப் பக்கமே போகவில்லை. டேப்பை எடுத்து நீள அகலம் அளந்தார்கள். சொன்ன தொகையில் அக்காவே ஒருமுறை தேனிக்கு வந்து, மெத்தையில் படுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகலாம். ஆகவே போடி மெத்தை போடியைச் சுற்றி இருப்பவனுக்கே வாய்த்தது. ஃபோம் மெத்தை வந்தபிறகு பழைய ஓட்டம் இல்லை என்று கடைக்காரர் வருத்தப்பட்டார். டிரான்ஸ்ஃபரில் வருகிற தம்பிகள், கட்டில் வாங்குவதற்கு முன்னால் இவர் கடைக்கு ஒரு நடை போய்வாருங்கள்.

பூண்டு விஷயத்தில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரியகுளம் பக்கத்தில் வடுகபட்டி. கவிஞர் வைரமுத்து வளர்ந்த ஊர் என்று உங்களுக்குத் தெரியும். பூண்டு மார்க்கெட்டுக்கும் அது பேர்போனது. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய கொடைக்கானல் மலைப்பூண்டு இங்கே இறங்குகிறது. வடநாட்டுப் பூண்டும் வருகிறது. எது எது என்று நேராகக் கேளுங்கள், சொல்வார்கள். மலைப்பூண்டு மாதக்கணக்கில் கெடாது. எனவே ஏலக்காய் கதைதான், விலையில் சலுகை எதிர்பார்க்காதீர்கள்.

காய்கறிக்கு உழவர் சந்தை. 1999 நவம்பரில் மதுரையில் முதல் சந்தை திறந்தார்கள். அப்புறம் தேனி, கம்பம் என்று பல ஊர்களுக்கும் வந்தது. நடுவில் தரகர் கிடையாது, விலை பலகையில் எழுதியிருக்கும். ஏழு மணிக்குள் போய்விட வேண்டும். ஆபீஸ் போகிற வழியில் ஒன்பது மணிக்கு எட்டிப் பார்த்தால், முந்தினவர்கள் கழித்துப்போட்ட வெண்டைக்காய் உங்களைப் பரிதாபமாகப் பார்க்கும். காய்கறி நகரத் தெரியாத சரக்குதானே, மலிவாக இருக்கவேண்டுமே என்பீர்கள். இங்கே ஒரு சிக்கல். கம்பத்துக்கு மேலே மலை ஏறினால் குமுளி. காலையில் பறித்தது மதியம் கேரளாவில் சாம்பாராகிவிடும். சீலையம்பட்டி மார்க்கெட் பூவும் அதே வழியில் போகிறது. ஓணம் நம் பண்டிகை இல்லையே என்று நினைக்கிறவர்கள், அந்த வாரம் தேனியில் முருங்கைக்காய் விலை கேட்டுப் பார்க்கவும்.

கடைசியாகத் திராட்சை.

கம்பத்திலிருந்து சுருளி அருவிக்குப் போகும் வழியில் சுருளிப்பட்டி, அந்தப்பக்கம் காமயகவுண்டன்பட்டி. கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, தலைக்கு மேலே பச்சைப் பந்தல். அதிலிருந்து கருநீலக் கொத்துகள் தொங்கும். பன்னீர் திராட்சை. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மற்ற இடங்களில் திராட்சைக்கு ஒரு சீசன். இங்கே வருஷம் பூரா ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை இருக்கும். விதை உண்டு, தோல் கொஞ்சம் துவர்க்கும், பிழிந்தால் வாசனை அறை முழுக்க நிற்கும். ஆனால் தாங்காது. இரண்டு நாள் வெளியில் வைத்தால் காம்பை விட்டு உதிரும், அப்புறம் தண்ணீர் விடும். எனவே தோட்டத்து வாசலில் விற்கும் விலையைக் கேட்டால் மதுரைக்காரனுக்கு மயக்கம் வரும்.

போன வருஷம் ஒரு சாயங்காலம், மேற்கே மலைமேல் கருமேகம் திரண்டிருந்தது. ரோட்டோரம் தராசோடு உட்கார்ந்திருந்த பெரியவரிடம் காரில் வந்த ஒரு குடும்பம் பேரம் பேசிக்கொண்டிருந்தது. சொல்லப்போனால் ஏற்கெனவே மலிவு. இருந்தாலும் கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லி அடம். அவர் மேகத்தைப் பார்த்தார், குறைத்துக் கொடுத்தார். கார் போனதும் நான் கேட்டேன், "ஏன்யா குடுத்தீங்க?"

"என்னத்தச் செய்யச் சொல்ற தம்பி. ஏலக்காயா இருந்தா மூட்டையக் கட்டி வீட்டுல போட்டு, வெல வர்றப்ப விப்பேன். இது பழம். ராத்திரி மழ விழுந்தா கொத்துக் கொத்தா வெடிச்சிப்போகும். அறுக்க ஆளக் கூப்டா, விடியக்காலம் பூரா சனமும் ஜீப்புல மலைக்குப் போயிருது. அங்கிட்டு கூலி கூடக் கெடைக்குது, போகத்தான செய்யும்? எனக்குப் போக முடியாது, இந்தப் பழத்துக்கும் போக முடியாது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மூன்று வருஷமாக நான் மலிவு என்று கொண்டாடிக்கொண்டிருந்த சரக்குக்கு மிச்சத்தொகை கட்டியது யார் என்று அப்போது தெரிந்தது. என் பி.காம். புத்தகத்தில் அழுகும் பண்டம் என்று இதற்கு ஒரு பாரா உண்டு. அதில் மேகத்தைப் பார்க்கிற பெரியவர் இல்லை.

அவர் முதலில் சொன்ன விலைக்கே நாலு கிலோ போடச் சொன்னேன். போட்டுவிட்டு, வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேட்காமல் ஒரு கொத்தை மேலே வைத்தார். கொசுறு.

போகிறவர்கள் கவனிக்க: துணிப்பையில் போட்டு பஸ் கம்பியில் மாட்டாதீர்கள். சின்னமனூர் வருவதற்குள் பையிலிருந்து ஜூஸ் சொட்டி, கீழே உட்கார்ந்திருப்பவர் வெள்ளை வேட்டி கத்தரிப்பூ கலராகிவிடும். அட்டைப்பெட்டி கேட்டால் கொடுப்பார்கள். அடியில் திராட்சை இலை போட்டு, மடியில் வைத்துக்கொண்டு வாருங்கள். பக்கத்து சீட்டுக்காரருக்கு ஒரு கொத்து கொடுத்தால், ஜன்னல் சீட் உங்களுக்கு.