பாப்பாவுக்கு வருது

ஊருக்குக் கிளம்புவதற்கு முன்பு எங்கள் வீட்டில் ஒரே பேச்சுதான். பாப்பாவுக்கு டயாப்பர் போட்டுக் கூட்டிப் போவதா, வேண்டாமா? அவளுக்கு இரண்டரை வயது. வீட்டில் டயாப்பரை விட்டுச் சில வாரங்கள் ஆகியிருந்தன. விளையாடிக்கொண்டே இருப்பவள் சட்டென்று நின்று, கால்களை இறுக்கிக்கொண்டு, "ம்மா, மூச்சா வருது" என்பாள். அதற்குப் பிறகு கிடைப்பது ஒரு நிமிஷம், மிஞ்சிப்போனால் இரண்டு. வீட்டில் அது தாராளம். சென்னையிலிருந்து திருநெல்வேலி, அங்கிருந்து தென்காசி, குற்றாலம் என்று போகிற வழியில் அந்த இரண்டு நிமிஷத்துக்குள் இடம் எங்கே கிடைக்கும்?

"பயணத்துக்கு மட்டும் போட்டுவிடுங்க, திரும்பி வந்து பழக்கிக்கலாம்" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. அக்கறையில் சொன்னதுதான். எனக்கு மனம் ஒப்பவில்லை. வந்தால் சொல்லு என்று கேட்டது நாங்கள். அவளும் கையில் இருக்கும் பொம்மையைப் போட்டுவிட்டு ஓடிவந்து சொல்கிறாள். இப்போது நமக்குத் தோதில்லை என்பதற்காக, சொல்ல வேண்டாம், அதிலேயே போய்க்கொள் என்றால் அந்தப் பிள்ளை எதை நம்பும்? டயாப்பருக்குள் இருக்கும் பொடி ஈரத்தை உறிஞ்சிக் கூழாக்கி வைத்துக்கொள்கிறது. நனைந்ததே உறைக்காத பிள்ளைக்கு, வருவதைக் கவனிக்கும் பழக்கமும் தள்ளிப்போகும். ராத்திரித் தூக்கத்துக்கு மட்டும் சில டயாப்பர்களை எடுத்துவைத்தேன். தூக்கத்தில் அடக்குவது உடம்பு முதிர முதிரத் தானாக வர வேண்டியது. அதைப் பழக்கி வரவழைக்க முடியாது.

அம்மா என் பக்கம் நின்றாள். "உங்களையெல்லாம் காலை நீட்டி, பாதத்துல உட்காரவச்சு, 'ஸ்ஸ்'னு சொல்லித்தானே பழக்கினேன். ரயில்ல பழக்கினா என்ன, வீட்டுல பழக்கினா என்ன" என்றாள். ஆச்சியும் அம்மாவும் நானும் பாப்பாவும் என்று நான்கு தலைமுறையாகப் போயிருக்க வேண்டிய பயணம் அது. ஆச்சி இப்போது இல்லை. மூன்று பேராகக் கிளம்பினோம்.

பையில் இலாஸ்டிக் வைத்த அரைக்கால் சட்டைகளாக அடுக்கினேன். நாடா, பொத்தான், பெல்ட் எதுவும் கிடையாது. அதை அவிழ்ப்பதற்குள் காரியம் முடிந்துவிடும். பழைய பருத்தித் துண்டு, ஈரத்துணி போட ஜிப் கவர், கழுவத் தண்ணீர் பாட்டில், சின்ன பிளாஸ்டிக் மக்கு, பெரியவர்கள் கழிப்பறையின் மேல் வைக்கிற மடக்கு சீட். எனக்கும் ஒரு மாற்றுச் சுடிதார். மடியில் இருப்பவள் நனைந்தால் மடியும் நனையுமே.

நாகர்கோவில் வந்தே பாரத் எழும்பூரிலிருந்து இருட்டோடு கிளம்புகிறது. தாம்பரம், விழுப்புரம், திருச்சி, திண்டுக்கல், மதுரை, கோவில்பட்டி என்று நிற்குமிடங்கள் கொஞ்சம்தான். நின்றாலும் இறங்கி ஏற நேரமில்லை. நல்லவேளையாக உள்ளேயே சுத்தமான கழிப்பறை இருக்கிறது. ஆனால் அதில் பாப்பாவுக்கு ஒரு பயம் காத்திருந்தது. விமானத்தில் இருப்பதுபோலக் காற்றால் உறிஞ்சி இழுக்கும் கழிப்பறை அது. பொத்தானை அழுத்தியதும் எழுகிற 'புஸ்ஸ்' சத்தம் பெரியவர்களுக்கே தூக்கிவாரிப்போடும். சீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குத் தன்னையே உள்ளே இழுத்துவிடும் என்றுதான் தோன்றும். அதனால் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். அவள் முடித்ததும் அம்மா அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவாள். கதவு சாத்திய பிறகு நான் பொத்தானை அழுத்துவேன். விழுப்புரம் தாண்டுவதற்குள் பாப்பா, "நீ அமுக்கு, நான் போறேன்" என்று தானே சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

கால் தொங்கக்கூடாது என்பது இன்னொன்று. தரையில் குந்தி உட்கார்ந்தால் உடம்பு இளகிக் கொடுக்கும். உயரமான சீட்டில் காலுக்குப் பிடிமானம் இல்லாமல் தொங்கினால் இறுகிக்கொள்ளும். நான் எதிரே குனிந்து அவள் பாதங்களை என் உள்ளங்கைகளில் தாங்கிக்கொண்டேன். ஆடுகிற ரயிலில் அது முதுகுக்குக் கஷ்டம்தான். ஆனால் பயமில்லாமல் போனாள்.

ரயிலில் கழிப்பறை இருப்பதையே நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். இந்த நாட்டில் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது 1853இல். அதற்கு ஐம்பது வருஷங்களுக்கு மேல் கழித்து, 1909இல், ஓகில் சந்திர சென் என்ற வங்காளப் பயணி ரயில்வேக்கு ஒரு புகார்க் கடிதம் எழுதினார். பலாப்பழம் தின்று வயிறு உப்பிப்போய், அகமத்பூர் நிலையத்தில் இறங்கி ஒதுங்கியிருக்கிறார். அதற்குள் கார்டு விசில் ஊதிவிட்டார். ஒரு கையில் சொம்பும் இன்னொரு கையில் வேட்டியுமாக ஓடி, பிளாட்பாரத்தில் எல்லோர் முன்னாலும் விழுந்திருக்கிறார். சாதாரண வகுப்புப் பெட்டிகளில் கழிப்பறை வந்ததற்கு அந்தக் கடிதமே காரணம் என்று சொல்வார்கள். டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் அதை வைத்திருக்கிறார்கள். வேடிக்கையாகவே எல்லோரும் அதைப் படிக்கிறார்கள். எனக்கு அந்த மனிதர்மீது பெரிய மரியாதை. அவமானம் என்று மூடிவைக்காமல், எனக்கு இப்படி நடந்தது என்று பெயர் போட்டு எழுதினாரே.

அதற்குப் பிறகும் வெகுகாலம், கழிப்பறையின் ஓட்டை வழியே எல்லாம் தண்டவாளத்தில்தான் விழுந்தது. ரயில் நிற்கும்போது போகாதீர்கள் என்று எழுதியிருப்பார்கள். இரண்டு நிமிஷ அவகாசம் உள்ள பிள்ளையிடம் அதை எப்படிச் சொல்வது? பனிமலை முகாம்களில் இருக்கும் ராணுவத்தினருக்காகப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய நுண்ணுயிர்த் தொட்டிகள்தான் இதை மாற்றின. காற்றில்லாத தொட்டிக்குள் கிருமிகள் மலத்தைத் தின்று தண்ணீராகவும் வாயுவாகவும் ஆக்கிவிடுகின்றன. 2016இல் மானாமதுரைக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடைப்பட்ட 114 கிலோமீட்டர்தான் தண்டவாளத்தில் எதுவும் விழாத முதல் பாதை ஆனது. அந்தத் தொட்டிகளை அடைத்துக் கெடுப்பவற்றில் டயாப்பரும் உண்டு. கழற்றி அப்படியே உள்ளே போட்டுவிட்டு வருகிறார்கள். அடைத்ததைக் கையால் எடுக்க ஒரு மனிதர் வர வேண்டியிருக்கிறது. நன்றாகச் சுற்றிக் குப்பைத்தொட்டியில் போட வேண்டும் என்று 2016இல் வந்த திடக்கழிவு விதிகளே சொல்லியிருந்தன.

திண்டுக்கல் தாண்டியதும் பாப்பா நனைத்துவிட்டாள். சொன்னாள், ஓடினோம், உள்ளே ஆள் இருந்தார். வாசலில் நின்றபடியே போய்விட்டது. துணி மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்ததும், எதிர் சீட்டுப் பெரியவர் பிரியமாகத்தான், "அய்யே, ஷேம் ஷேம்" என்று விரலை ஆட்டினார். பாப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. "அவ நேரத்துக்குச் சொல்லிட்டா தாத்தா, உள்ள ஆள் இருந்தாங்க. அவமேல தப்பில்ல" என்றேன், அவள் காதில் விழும்படியாக. பெரியவர் ஒரு கணம் பார்த்துவிட்டு, "அப்படியா தங்கம், நீ சொன்னியா? சமத்து" என்று பேச்சை மாற்றிக்கொண்டார். அவருக்கு நன்றி. இந்த 'ஷேம் ஷேம்' நம் வீடுகளில் எல்லோர் வாயிலும் இருக்கிறது. அதைக் கேட்டு வளரும் பிள்ளை மறைக்கத்தான் கற்றுக்கொள்ளும். மூத்திரத்தை அடக்கினால் கிருமி சேரும். மலத்தை அடக்கினால் அது இறுகி, போகும்போது வலிக்கும். வலிக்குப் பயந்து மறுபடியும் அடக்கும். பயணத்தில் குழந்தைக்கு மலம் கட்டுவது பாதி தண்ணீர் குறைவதால் என்றால், மீதி இந்தப் பயத்தால்.

அந்த வயசில் மூத்திரப்பை 100 மில்லிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொள்ளும், அவ்வளவுதான். அரை டம்ளர். அதற்காகத் தண்ணீரைக் குறைக்கலாமா? கூடாது. கொடுத்துக்கொண்டே இருந்தோம், கேட்காமலேயே அவ்வப்போது கூட்டிப்போனோம். அப்போதுதான் கவனித்தேன். அம்மாவின் பாட்டில் காலையில் நிரப்பியபடியே மூடி திறக்காமல் இருந்தது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அம்மா இப்படித்தான். பயணம் என்றால் காபி அரை டம்ளர், தண்ணீர் கிடையாது. ஆச்சியும் அப்படித்தான் இருந்தாள். "பழகிட்டுதுட்டி" என்றாள் அம்மா. ஒரு பக்கம் வந்தால் உடனே சொல் என்று பேத்திக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். மறுபக்கம் பாட்டி நாவறண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

திருநெல்வேலியில் இறங்கிச் சாப்பிட்டோம். சாப்பிட்ட அரைமணிக்குள் குடல் அசைந்து கொடுக்கும். அந்த நேரத்தில் உட்காரவைத்தால் ரெண்டுக்குப் பெரும்பாலும் முடிந்துவிடும். காத்திருப்போர் அறையில் பெண்கள் கழிப்பறை வாசலில் ஓர் இளைஞர், கையில் சிறுமியோடு தயங்கி நின்றார். மனைவி கூட வரவில்லை போலிருக்கிறது. பெண்கள் பக்கம் அவர் போக முடியாது, ஆண்கள் பக்கம் மகளைக் கூட்டிப்போக மனமில்லை. அம்மாவிடம் வந்து, "அம்மா, கொஞ்சம் கூட்டிட்டுப் போறீங்களா?" என்றார். அந்தச் சிறுமி அம்மாவிடம் போகவில்லை, பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். 2015இல் பேருந்து நிலையங்களில் தாய்மார் பாலூட்டும் அறைகளைத் திறந்தது நம் அரசு. நல்ல காரியம். பால் குடித்த பிள்ளை வளர்ந்து நடக்கத் தொடங்கியதும் அதற்கு உட்கார ஒரு தாழ்ந்த பீங்கான், அப்பாவும் நுழையக்கூடிய ஒரு கதவு, எட்டுகிற உயரத்தில் ஒரு குழாய் வேண்டாமா?

அங்கிருந்து செங்கோட்டை பாசஞ்சரில் ஏறினோம். எனக்குப் பிடித்த பாதை அது. சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், கீழக்கடையம், பாவூர்சத்திரம். ஜன்னல் முழுக்க மலை. பழைய பெட்டியில் தரையோடு இருக்கும் கழிப்பறைதான். அம்மா தொடைக்கடியில் கைகொடுத்துத் தாங்கிப் பிடித்தாள், வேலை சுலபமாக முடிந்தது. குற்றாலத்தில் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. கூட்டமும் அதற்கேற்ப. பெண்கள் கழிப்பறை வரிசை வாசலைத் தாண்டி நீண்டது. "பாப்பாவுக்கு வருது" என்று ஒருமுறை சொன்னேன். "பிள்ளைய முன்னால விடுங்க, விடுங்க" என்று வரிசை முழுக்கக் குரல் போய், வழி பிளந்தது. அந்த வரிசையில் எத்தனை நேரமாக அடக்கிக்கொண்டு நின்றார்களோ. ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை.

திரும்பும்போது திருநெல்வேலிக்குக் கார் எடுத்தோம். பாவூர்சத்திரம் தாண்டி ஓர் ஊருக்குள் போய்க்கொண்டிருக்கும்போது, "மூச்சா". ஆண் பிள்ளை என்றால் யாரும் யோசிக்காமல் ரோட்டோரம் நிறுத்திவிடுவார்கள். பெண் பிள்ளை என்றால் மறைவு தேடுகிறோம். நான் சுற்றும்முற்றும் பார்ப்பதற்குள் அம்மா இறங்கி, திண்ணையில் பீடி சுற்றிக்கொண்டிருந்த ஒரு அக்காவிடம் போய்விட்டாள். அவர் மடியில் இருந்த சுளகை இறக்கி வைத்துவிட்டு எழுந்தார். "சின்னப் பிள்ளைக்கு என்னத்தக் கேக்கணும்? புறவாசல்ல கெடக்கு, போங்க" என்றார். சின்னக் கழிப்பறை, தகரக் கதவு, உள்ளே துடைத்துவிட்டதுபோல இருந்தது. தூய்மை இந்தியா திட்டத்தில் 12,000 ரூபாய் மானியம் வாங்கி, மேற்கொண்டு பீடிக் காசைப் போட்டுக் கட்டியதாம். "அதுக்கு முன்ன உடங்காடுதாம்மா. பொழுது விடியுமுன்ன போனா உண்டு. இல்லன்னா இருட்டுற வரைக்கும் தண்ணி குடிக்காம கெடப்போம்."

அம்மா அவரைப் பார்த்தபடி நின்றாள். பிறகு, "தாகமா இருக்கு, ஒரு சொம்பு தண்ணி தாரியளா?" என்று கேட்டு வாங்கி, முழுக்கக் குடித்தாள்.

ஆலங்குளம் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் அம்மா டிரைவரிடம், "தம்பி, பெட்ரோல் பங்க் பார்த்து நிறுத்துப்பா" என்றாள். பெட்ரோல் பங்கில் கழிப்பறை இலவசம். குடிதண்ணீரும் காற்றும் போல அதுவும் அவர்கள் தர வேண்டிய வசதி. அங்கே பெண்கள் கழிப்பறையில் பூட்டுத் தொங்கியது. சாவி இல்லை என்றார் பையன். பாப்பாவைக் காட்டி, "குழந்தைக்குன்னா பின்னாடி செடிகிட்ட விட்டுக்கோங்க" என்றார்.

"குழந்தைக்கு இல்லப்பா, எனக்கு" என்றாள் அம்மா. "சாவி யாருகிட்ட இருக்கோ கேட்டு வாங்கிட்டு வா. நான் நிக்கேன்."

சாவி வந்தது. உள்ளே தண்ணீர் இல்லை. எங்கள் பாட்டிலும் மக்கும்தான் கைகொடுத்தன. வெளியே வந்ததும் நான் புகார்ப் புத்தகம் கேட்டேன். ஒவ்வொரு பங்கிலும் அது இருக்க வேண்டும். மேஜை அடியிலிருந்து தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார்கள். பெண்கள் கழிப்பறை பூட்டியிருந்தது, தண்ணீர் வரவில்லை, பக்கெட் இல்லை, உள்ளே தாழ்ப்பாள் வேலை செய்யவில்லை என்று தேதியும் நேரமும் போட்டு எழுதினேன். அம்மா வாங்கி வாசித்தாள். "விளக்கு எரியலன்னு எழுதலையே" என்று சொல்லி, பேனாவை வாங்கி அதையும் எழுதி, கீழே தன் முழுப்பெயரைப் போட்டாள்.