எங்கள் துறையிலிருந்து ஒரு கப்பற் பிரயாணம்

பிரயாணத்தில் இன்பம் உண்டு. பிரயாணத்துக்கு ஆயத்தஞ் செய்வதில் அதனினும் மிகுந்த இன்பம் உண்டு என்பர் சிலர். இவ்வாறு சொன்னவர்கள் முதியோர், சிறுவர், பெட்டி, பணப்பை என்னும் நான்கையும் ஒருங்கே காத்துக்கொண்டு கப்பலேறியவர்கள் அல்லர் என்றே எண்ணுகின்றோம். எனினும், ஆறு மாத காலம் ஆயத்தஞ் செய்து, அரைநாளிற் கடல் கடந்து, மன நிறைவோடு மீண்ட எமது அனுபவம், இனிவரும் விடுமுறையிற் குடும்பத்தோடு கப்பலேற நினைக்கும் அன்பர்களுக்குப் பயன்படலாம் என்ற எண்ணத்தால் இதனை எழுத முற்பட்டோம்.

இந்த ஆசை எமது வீட்டிற் புகுந்தது 2023 ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலாகும். சென்னையிலிருந்து புறப்பட்ட 'எம்பிறஸ்' என்னும் உல்லாசக் கப்பல் அம்பாந்தோட்டைக்கும் திருகோணமலைக்கும் சென்று, காங்கேசன்துறைக்கும் வந்தது. 1990 ஆம் ஆண்டிற் சேவைக்கு விடப்பட்ட அக்கப்பல் ஏறக்குறைய 210 மீற்றர் நீளமும் பதினொரு தளங்களும் உடையது. பத்திரிகையில் அதன் படத்தைக் கண்ட எம் புதல்வன், "அப்பா, நாங்களும் ஒருக்கால் உப்பிடிக் கப்பலிலை போவமே?" என்று கேட்டான். உயர்தர வகுப்பிற் பயிலும் எம் புதல்வியும் அவனோடு சேர்ந்துகொண்டாள். எம் இல்லாள் எம் முகத்தைப் பார்த்தாள். எம் அன்னையார் மாத்திரம் ஒன்றுஞ் சொல்லாமல் வெற்றிலையை நரம்பெடுத்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து உல்லாசக் கப்பல்களின் விளம்பரங்களை ஆராயத் தொடங்கினோம். அவற்றை வாசித்தல் தனியொரு கலை. பெரிய எழுத்திற் காணப்படும் கட்டணம் குடும்பத்துக்கு உரியதன்று. பெரும்பாலும் ஓராளுக்கு உரியது. அதுவும் ஓர் அறையில் இருவர் தங்குவர் என்ற கணக்கில் அமைந்தது. துறைமுக வரி, பணியாளருக்குரிய சேவைக் கட்டணம், கரையிறங்கி ஊர் பார்க்குஞ் செலவு, இணைய வசதி முதலியன சிறிய எழுத்தில் அடியிற் கிடக்கும். நாம் ஒரு தாளை நடுவே மடித்து, ஒரு பக்கத்திற் 'கட்டணத்துள் அடங்கியவை' என்றும், மற்றப் பக்கத்தில் 'அடங்காதவை' என்றும் எழுதினோம். இரண்டாவது பக்கமே நீண்டுகொண்டு போயிற்று. பிரயாணத்தை இடையில் நிறுத்த நேர்ந்தால் எவ்வளவு பணம் மீளும் என்பதும் கவனிக்க வேண்டியதொன்று. புறப்படும் நாள் நெருங்க நெருங்க மீளுந் தொகை தேய்ந்துகொண்டே வரும். நோயாளரோ முதியோரோ உள்ள குடும்பத்தினர் இந்த நிபந்தனையை வாசியாமற் பணங் கட்டுதல் ஆகாது.

அறை தெரிதலிலும் ஒரு நுட்பம் உண்டு. மேல் தளத்தில் முன்னணியத்தை அண்டிய அறையிலிருந்து காட்சி நன்றாகத் தெரியும். ஆனால் ஆட்டமும் மிகுதி. எமது கிணற்றடித் துலாவை நினைத்துப் பாருங்கள். அச்சுலக்கையின் அருகே துலா அசைவது சிறிது. நுனியில் அசைவதோ பெரிது. கப்பலும் அத்தகையதே. நடுப் பகுதியிற் கீழ்த் தளத்து அறைகளில் ஆட்டங் குறைவு. தலைச்சுற்றல் உடையவர்கள் அவற்றைக் கேட்டுப் பெறுதல் நலம்.

இவ்வாறு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தபோது, ஐவர் கொண்ட எமது குடும்பத்துக்கு வந்த தொகை, ஆசிரியர் ஒருவரின் பல மாத வேதனத்தை விழுங்குவதாயிருந்தது. தாளை மடித்து மேசைக்குள் வைத்துவிட்டோம். பிள்ளைகளின் முகம் வாடிற்று.

2024 ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில் ஒருநாள், அந்தத் தாளை அன்னையார் கையில் எடுத்து வைத்திருக்கக் கண்டோம். "தம்பி, கப்பல் எவ்வளவு பெரிசெண்டால் எனக்கென்ன? ஏறுற துறை எங்கட துறையாய், இறங்கிற ஊரிலை இருந்து சிதம்பரம் போகக் கூடியதாய் இருந்தால் எனக்குக் காணும்" என்றார் அவர்.

அன்னையார் பிறந்து வளர்ந்த வீடு காங்கேசன்துறைத் துறைமுகத்துக்கு அண்மையிலுள்ளது. 1990 ஆம் ஆண்டில் அவ்வூர் மக்களெல்லாம் இடம்பெயர்ந்தபோது அவரும் எம்மைக் கையிற் பிடித்துக்கொண்டு வெளியேறினார். பின்னர் நெடுங்காலம் அப்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாயிருந்தது. சொந்த ஊரின் கடற்கரையைத் தூரத்தில் நின்று பார்ப்பதற்கும் வழியில்லாத ஆண்டுகள் அவை. இன்னொன்றும் உண்டு. 1961 ஆம் ஆண்டில், பன்னிரண்டு வயதுச் சிறுமியாக, அவர் தம் தந்தையாரோடு சிதம்பரம் சென்று வந்தவர். மதவாச்சியிற் புகையிரதம் மாறித் தலைமன்னார் போய், அங்கிருந்து கப்பலில் தனுஷ்கோடியை அடைந்து, மீண்டும் புகையிரதம் ஏறினார்களாம். 1914 ஆம் ஆண்டில் ஏற்பட்ட அந்த மார்க்கம், 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்ததோடு முறிந்தது. பின்னர் இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடியதாயினும், 1980 களில் அதுவும் நின்றுபோயிற்று. "இன்னொருக்கால் கூட்டிக்கொண்டு போறன்" என்று தந்தையார் கொடுத்த வாக்கு நிறைவேறாமலே போயிற்று.

இவற்றையெல்லாம் கேட்ட பின்னர் கப்பலைத் தேட வேண்டிய தேவை இருக்கவில்லை. 2023 ஒக்டோபர் 14 ஆந் திகதி நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பிரயாணிகள் கப்பற் சேவை தொடங்கி, மாரி காரணமாகச் சில நாட்களில் நின்றது. 2024 ஓகஸ்ட் 16 ஆந் திகதி 'சிவகங்கை' என்னும் கப்பல் அம்மார்க்கத்தில் ஓடத் தொடங்கிற்று. நூற்றைம்பது பேர் செல்லக் கூடிய சிறிய கப்பல். தூரம் ஏறக்குறைய 60 கடல் மைல். அதாவது 111 கிலோமீற்றர். நேரம் நான்கு மணித்தியாலமளவில். நீச்சற் குளமுமில்லை, நாடக மேடையுமில்லை. ஆயினும் அதுவே எமக்குரிய கப்பல் என்று தீர்மானித்தோம். பிள்ளைகளும் முகங் கோணாமல் உடன்பட்டனர்.

நாளைத் தெரிவது முதல் வேலை. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகீழ்ப் பருவக் காற்றினாற் பாக்குநீரிணை கொந்தளிப்பாயிருக்கும். அக்காலத்திற் சேவையும் நிறுத்தப்படுவதுண்டு. இரு பருவக் காற்றுகளுக்கும் இடைப்பட்ட பங்குனி, சித்திரை மாதங்களிற் கடல் பெரும்பாலும் அமைதியாயிருக்கும். ஆகவே 2025 ஏப்பிரல் விடுமுறையைக் குறித்துக்கொண்டோம். அப்போதும், போகவும் வரவும் ஒவ்வொரு நாள் மேலதிகமாக வைத்தே கணக்கிட்டோம். கடல் எவருடைய நாட்குறிப்புக்கும் அடங்குவதன்று.

அடுத்தது கடவுச்சீட்டு. அன்னையாரின் பிறப்புச் சான்றிதழ் 1990 ஆம் ஆண்டு இடப்பெயர்விலே தொலைந்துவிட்டது. அதன் பிரதியைப் பதிவாளர் கந்தோரிற் பெறுவதற்குச் சில வாரங்கள் சென்றன. அக்காலத்தில் யாழ்ப்பாணத்திற் கடவுச்சீட்டு வழங்கும் அலுவலகம் இருக்கவில்லை. 2025 செப்டெம்பரிலேதான் இங்கு திறக்கப்பட்டது. ஆகவே வவுனியாவுக்குச் செல்ல வேண்டியதாயிற்று. யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா ஏறக்குறைய 140 கிலோமீற்றர். நாகபட்டினத்துக்குப் போக அனுமதி கேட்பதற்கு, நாகபட்டினத்தினும் தொலைவான ஊருக்குப் போனோம் என்று புதல்வி கணக்குப் பார்த்துச் சொன்னாள். அன்னையார் வரிசையில் நின்று களைத்தாராயினும், 'வேண்டாம்' என்று ஒருமுறையேனும் சொன்னாரில்லை.

கடவுச்சீட்டு கிடைத்த பின் விசா. கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாகுமா என்று முதலிற் பார்த்தல் வேண்டும். இணையத்தின் வழியாகப் பெறும் விசா எல்லாத் துறைமுகங்களிலும் ஏற்றுக்கொள்ளப்படுவதன்று. தாம் இறங்கும் துறை அதில் அடங்குமா என்று உரிய அலுவலகத்திற் கேட்டறிந்த பின்பே விண்ணப்பிக்க வேண்டும். எம்மைப் போன்ற அரச ஊழியர்கள் வெளிநாடு செல்வதற்கு விடுமுறை அனுமதியும் பெற வேண்டும். அந்தக் கடிதம் மேசைக்கு மேசை நடந்து வரச் செல்லுங் காலத்தையும் மறந்துவிடலாகாது.

இனி, எமது தவறு ஒன்றையுஞ் சொல்லிவிடுகின்றோம். பிரயாணச் சீட்டை இணையத்திற் பதிவு செய்தவள் எம் புதல்வி. அருகிலிருந்து பெயர்களை வாசித்தவர் நாம். எமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்றில்லை. தந்தை பெயரே முன்னிற்கும். நாமோ அவசரத்தில் அன்னையாரின் பெயரை முன்னும் பின்னுமாக மாற்றிச் சொல்லி, ஓரெழுத்தையும் விட்டுவிட்டோம். பணங் கட்டிய பிறகு, இரவு பத்து மணிக்குச் சீட்டையும் கடவுச்சீட்டையும் பக்கத்திற் பக்கம் வைத்துப் பார்த்தபோதுதான் தவறு புலப்பட்டது. ஐந்து மாதம் ஓடித் திரிந்து பெற்றவையெல்லாம் ஓரெழுத்தால் வீணாகுமோ என்று அன்றிரவு உறக்கம் வரவில்லை. மறுநாட் காலையில் எழுதிக் கேட்டோம், திருத்தித் தந்தார்கள். மாணவர்களின் விடைத்தாளிற் பிழை தேடும் எமக்கு அஃது ஒரு நல்ல பாடம். பதிவு செய்யும்போது ஒருவர் வாசிக்க, ஒருவர் எழுத, மூன்றாமவர் கடவுச்சீட்டைப் பார்த்துச் சரிபிழை சொல்லுதல் வேண்டும்.

சுமையைப் பற்றி ஒரு சொல். எத்தனை கிலோ அனுமதி என்பதைச் சீட்டிலே பார்த்து, வீட்டிலேயே நிறுத்துக்கொள்ளுதல் நன்று. பனாட்டும் எள்ளுருண்டையும் பெட்டியை நிரப்ப, மாற்றுடைக்கு இடமில்லாமற் போனதை நிறுத்த பின்பே அறிந்தோம். மருந்துகளைப் பெரிய பெட்டியில் வையாமற் கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். கடல் மயக்கம் ஏற்படுவது கண் காண்பதும் காதினுட் சமநிலை உறுப்பு உணர்வதும் ஒவ்வாமையாலாகும். தொடுவானத்தை நோக்கியிருந்தால் அது தணியும். அதற்குரிய மாத்திரையைக் கப்பல் ஆடத் தொடங்கிய பின்னன்றி முன்னரே உட்கொள்ள வேண்டும். முதியோர் மருத்துவரைக் கேட்டே உட்கொள்ள வேண்டும்.

குறித்த நாளும் வந்தது. சுங்கமும் குடிவரவுச் சோதனையும் முடிந்து மதியத்தின் பின் கப்பலேறினோம். அன்னையாரைச் சாளரத்தருகே இருத்தினோம். கப்பல் மெல்ல விலகியபோது வெளிச்சவீடு தெரிந்தது. 1950 இல் எழுந்து 1990 இல் இயக்கம் நின்ற சீமெந்துத் தொழிற்சாலையின் எச்சங்கள் தெரிந்தன. மாவிட்டபுரத்துக்குரிய காங்கேயன் திருவுருவம் வந்திறங்கியமையாலேயே இத்துறை இப்பெயர் பெற்றது என்ற ஐதிகத்தை நாம் பிள்ளைகளுக்குச் சொல்ல வாயெடுத்தோம். ஆனால் அதற்கு முன்பே அன்னையார் பேசத் தொடங்கிவிட்டார். "அந்தா, அந்தத் தென்னைகளுக்கு இஞ்சாலைதான் எங்கட வீடு. உதிலைதான் ஐயா தோணி பார்க்கக் கூட்டிக்கொண்டு வாறவர்" என்று விரலாற் காட்டினார். பிள்ளைகள் இருவரும் அவருடைய தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தனர். முப்பத்தைந்து ஆண்டுகளாக அவர் சொல்லிக் கேட்ட ஊரை, கடலிலிருந்து பார்த்தபோதுதான் முழுமையாகக் கண்டோம்.

கரை மறைந்த பின்னர் அவர் கண்ணயர்ந்தார். நாம் புதல்வனுக்கு வல்வெட்டித்துறையின் கப்பற்காரரைப் பற்றிச் சொன்னோம். அங்கே கட்டிய 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல் 1938 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம்வரை சென்றது என்று கேட்டபோது, எம்பிறஸ் கப்பலை அவன் சிறிது மறந்திருத்தல் கூடும். இருள்வதற்கு முன் நாகபட்டினத்தை அடைந்தோம்.

அடுத்த நாட் காலையிற் சிக்கலிலே முருகப் பெருமானை வணங்கிவிட்டு, சீர்காழி வழியாகச் சிதம்பரஞ் சேர்ந்தோம். ஆறுமுக நாவலர் 1864 ஆம் ஆண்டில் அங்கு சைவப் பிரகாச வித்தியாசாலையை நிறுவியவராதலின், யாழ்ப்பாணத்தவருக்கு அது வேற்றூரன்று. சிற்சபையின் முன் அன்னையார் நெடுநேரம் நின்றார். வெளியே வந்ததும், "ஐயா சொன்னபடி வந்திட்டன்" என்ற ஒரு வார்த்தையே சொன்னார்.

வாசக நேயர்களே, குடும்பத்தோடு கப்பலேற விரும்புவோர் முதலிற் கட்டணத்தை விசாரிப்பர். பின்னர் அறையையும் உணவையும் விசாரிப்பர். நாமும் அவ்வாறே செய்தோம். ஆனால், 'இப்பிரயாணம் எங்கள் வீட்டில் எவருக்கு மிகுதியும் வேண்டியது?' என்ற கேள்வியை முதலிற் கேட்டிருந்தோமாயின், ஓராண்டுக்கு மேலாகத் தாள் மடித்துக் கணக்குப் பார்த்திருக்க மாட்டோம். அக்கேள்விக்கு விடை கிடைத்தால், எந்தக் கப்பல், எந்த மாதம், எவ்வளவு செலவு என்பனவெல்லாம் தாமே ஒழுங்காகும். முதியவர் நடக்குங் கதியிலே திட்டத்தை நடத்துங்கள். இளையவர் தாமாக உடன் வருவர்.

புதல்வன் இன்னும் பெரிய கப்பலை மறந்துவிடவில்லை. உழைத்துத் தானே எம்மை அழைத்துச் செல்வதாகச் சொல்லியிருக்கின்றான். அந்த வாக்கை அவனுடைய பாட்டியாரே சாட்சியாக ஏற்றுக்கொண்டார். ஏறும் துறை மாத்திரம் காங்கேசன்துறையாய் இருத்தல் வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை.