வேடந்தாங்கலுக்கு ஒரு லென்ஸ்

வேடந்தாங்கல் என்ற பெயரிலேயே ஒரு வேடன் இருக்கிறான். ஆனால் அந்த ஊரில் வேட்டைக்கு இடமில்லை, வேடிக்கைக்குத்தான் இடம். அந்த வேடிக்கையை வீட்டுக்குக் கொண்டுவர எவ்வளவு நீளமான லென்ஸ் வேண்டும், அதற்கு எவ்வளவு பணம் கொடுக்கலாம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். அதற்கு முன்னால் ஊரைச் சற்றுப் பார்த்துவிடலாம்.

சென்னையிலிருந்து திருச்சி சாலையில் செங்கற்பட்டைத் தாண்டிப் போய், மதுராந்தகம் வருவதற்கு முன்னால் படாளத்தின் அருகே வலப்பக்கம் திரும்ப வேண்டும். மொத்தம் ஏறக்குறைய 75 கிலோ மீட்டர். வழியெல்லாம் நெல் வயல். ஏரி பிரமாதமான பெரிய ஏரி ஒன்றும் அல்ல. சுமார் 30 ஹெக்டேர்தான். வடகிழக்குப் பருவ மழை நன்றாகப் பெய்து ஏரி நிரம்பினால், தண்ணீருக்குள்ளேயே கழுத்தளவு மூழ்கி நிற்கும் நீர்க்கடம்பு மரங்களிலும் கருவேல மரங்களிலும் பறவைகள் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கிவிடுகின்றன. நத்தைகுத்தி நாரை, மஞ்சள் மூக்கு நாரை, கரண்டிவாயன், கூழைக்கடா, அரிவாள்மூக்கன், பாம்புத்தாரா, நீர்க்காகம், வக்கா என்று கல்யாண வீட்டுக் கூட்டம்தான்! சத்தமும் அப்படியே. நவம்பரிலிருந்து மார்ச் வரை இந்தக் கல்யாணம் நடக்கிறது.

இந்தப் பறவைகளுக்கும் ஊர் ஜனங்களுக்கும் உள்ள உறவு மிகப் பழையது. பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு நல்ல உரம் என்று அவர்கள் எப்போதோ கண்டுகொண்டார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இங்கே வந்து பறவைகளைச் சுட்டபோது, கிராமத்தார் சும்மா இருக்கவில்லை. கலெக்டர் லயனல் பிளேஸ் துரையிடம் போய் முறையிட்டு, இங்கே ஒருவரும் பறவையைச் சுடக் கூடாது என்று கௌல் வாங்கிக்கொண்டு வந்தார்கள். 1858-ல் அதைப் புதுப்பித்தும் வாங்கினார்கள். மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமரைச் சேவித்தவர்களுக்கு இந்தத் துரை அந்நியர் அல்ல. ஏரி உடைந்துவிடுமோ என்று மழையில் தவித்து நின்ற துரைக்கு, கரையின் மேல் ராம லட்சுமணர்கள் வில்லேந்திக் காவல் நின்ற காட்சி கிடைத்தது என்று கோயிலில் சொல்லும் கதையில் வரும் துரையும் இவரேதான். ஓர் ஏரியை ராமர் காத்தார். இன்னோர் ஏரியை ஊரார் காத்தார்கள். 2022-ல் வேடந்தாங்கல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈர நிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது.

இனி லென்ஸுக்கு வருவோம்.

ஏரிக் கரையில் காலை ஏழு மணிக்கு நின்று பார்த்தால் இரண்டு ஜாதி மனிதர்களைக் காணலாம். ஒரு ஜாதி, கையில் உள்ள டெலிபோனை நீட்டிப் படம் எடுத்துவிட்டு, "ஏதோ மரத்தில் பஞ்சு ஒட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறதே!" என்று விழிப்பவர்கள். இன்னொரு ஜாதி, பீரங்கி போன்ற நீளக் குழாயை முக்காலியில் ஏற்றிக்கொண்டு மௌன விரதம் இருப்பவர்கள். "ஏண்டாப்பா, இது என்ன, உலக்கையா?" என்று ஒரு பாட்டி கேட்க, "இல்லை பாட்டி, உலக்கையைவிட விலை அதிகம்!" என்று ஒரு பிள்ளையாண்டான் பணிவாகப் பதில் சொன்னான். உண்மைதான். அந்த ஜாதியின் உயர்தர லென்ஸ் ஒன்று பத்து லட்ச ரூபாயையும் தாண்டும்.

அவ்வளவு வேண்டுமா? கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். பள்ளிக்கூடத்தில் படித்த சமன்பாடே போதும்.

மஞ்சள் மூக்கு நாரை ஏறக்குறைய மூன்றடி உயரம். கரையிலிருந்து அது உட்கார்ந்திருக்கும் மரம் 60 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய 35 மில்லி மீட்டர் பிலிம் அளவே உள்ள, 'முழுச் சட்டம்' என்று சொல்லும் காமிராவில் சாதாரண 50 மில்லி மீட்டர் லென்ஸைப் போட்டால், நாரை படத்தின் உயரத்தில் முப்பதில் ஒரு பங்குதான் வரும். அதுதான் பஞ்சு. 400 மில்லி மீட்டர் லென்ஸ் போட்டால் கால் பங்கு வரும். 600 போட்டால் ஐந்தில் இரண்டு பங்கு. அதாவது, நாரை நாரையாகவே தெரியும். மூக்கின் மஞ்சளும் இறகின் இளஞ்சிவப்பும் எண்ணிப் பார்க்கும்படி இருக்கும்.

இதிலே சிக்கனக்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. காமிராவுக்குள் படம் விழுகிற சில்லு சிறியதாக இருந்தால், அதே 400 லென்ஸ் 600 மாதிரி வேலை செய்யும். 'ஏ.பி.எஸ்.-சி' என்ற அளவுள்ள சில்லில் ஒன்றரைப் பங்கு லாபம். அதற்கும் சிறிய 'மைக்ரோ நாலுக்கு மூன்று' வகையில் இரண்டு பங்கு. ஆனால் லென்ஸ் ஒன்றும் மாயமாக வளர்ந்துவிடவில்லை. அதே அளவுக் கோலத்தைச் சின்ன முற்றத்தில் போட்டால் முற்றம் நிறைந்து தெரிகிறதல்லவா? அவ்வளவுதான். சின்னச் சில்லுக்கு மங்கலான வெளிச்சத்தில் சற்றுச் சிரமம் உண்டு. காமிராவும் லென்ஸும் இலேசாகவும் மலிவாகவும் கிடைப்பதால் குடும்பஸ்தர்கள் அந்தச் சிரமத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பிறகு விலை ஏன் இப்படி மலைக்கும் மடுவுக்குமாக இருக்கிறது? எல்லாம் வாய் அகலத்தில் இருக்கிறது. லென்ஸில் எப் 4, எப் 6.3 என்றெல்லாம் எழுதியிருக்கும். லென்ஸின் நீளத்தை அந்த எண்ணால் வகுத்தால் ஒளி புகும் வாயின் அகலம் கிடைக்கும். 600-ஐ 4-ஆல் வகுத்தால் 150 மில்லி மீட்டர். சிற்றுண்டித் தட்டு அளவுக்குக் கண்ணாடி! 6.3-ஆல் வகுத்தால் சுமார் 95 மில்லி மீட்டர், டபரா வாய்தான். தட்டு வாய், டபரா வாயைவிட இரண்டரைப் பங்கு ஒளியை வாங்கிக்கொள்கிறது. விடியற்காலையிலும் மேகமூட்டத்திலும் இந்த வித்தியாசம் பேசும். அந்தப் பேச்சுக்குத்தான் பத்து லட்சம். எடையும் சுமார் மூன்று கிலோ.

பொழுதுபோக்காகப் படம் எடுக்கிறவர்களுக்கு 150-லிருந்து 600 வரை நீளும் ஜூம் லென்ஸ் போதும். இலேசான வகை இரண்டு கிலோவை ஒட்டி இருக்கும். விலை ஒரு லட்சத்தை ஒட்டி. அதுவும் கனம் என்று தோன்றினால் 100-லிருந்து 400 வரை நீளும் ஜூம் இருக்கிறது. இடுப்பில் குழந்தையைத் தூக்கிப் பழகிய பெண்மணிகளுக்கு இரண்டு கிலோ ஒரு பொருட்டா என்று கேட்கலாம். குழந்தையை நாம் கண்ணுக்கு நேரே நீட்டிப் பிடித்து அரை மணி நேரம் நிற்பதில்லையே! ஆகையால் கடையில் லென்ஸைக் கையில் வாங்கிக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு நூறு வரை எண்ணிப் பாருங்கள். அறுபதில் கை நடுங்கினால் சிறிய லென்ஸே உங்களுக்கு உகந்தது. தூக்க முடியாமல் பீரோவில் தூங்கும் 600-ஐவிடத் தோளில் தொங்கும் 400 மேல்.

ஜூம் லென்ஸில் இன்னொரு சௌகரியமும் உண்டு. 600 மில்லி மீட்டரில் நமக்குத் தெரியும் ஆகாசம் நாலு டிகிரிதான். பறக்கும் பறவையை அதற்குள் பிடிப்பது, ஊசிக் காதில் நூல் கோப்பது போன்ற காரியம். ஜூமை முதலில் 150-க்குக் கொண்டுவந்து பறவையைக் கண்டுபிடித்து, பிறகு நீட்டிக்கொண்டு போகலாம்.

'டெலிகன்வர்ட்டர்' என்ற சின்னக் குழாயை இடையில் செருகி 400-ஐ 560 ஆக்கலாம் என்று கடைக்காரர் ஆசை காட்டுவார். ஆகும், ஆனால் ஒளியில் பாதி போய்விடும். இரண்டு மடங்காக்கும் குழாயில் முக்கால் போய்விடும். வாய் அகன்ற லென்ஸ் அதைத் தாங்கும். ஏற்கெனவே 6.3 ஆக இருக்கும் லென்ஸில் இதைச் செருகுவது, தண்ணீர் கலந்த பாலில் மேலும் தண்ணீர் விடுவது போலத்தான்.

கை நடுக்கத்துக்கு ஒரு பழைய விதி இருக்கிறது. 400 லென்ஸ் என்றால் ஒரு வினாடியில் நானூறில் ஒரு பங்குக்காவது வேகம் வேண்டும். இப்போது லென்ஸுக்குள்ளேயே நடுக்கத்தை அடக்கும் கருவி வைத்திருப்பதால் சற்றுச் சலுகை உண்டு. ஆனால் அந்தக் கருவி அடக்குவது நம் கையைத்தான். நாரையின் சிறகை அல்ல. பறக்கும் பறவைக்கு இரண்டாயிரத்தில் ஒரு பங்கு வேகம் வைப்பது நல்லது. முக்காலிக்குப் பதில் ஒற்றைக்கால் கம்பு வைத்துக்கொண்டால் ஜன நெருக்கடியில் யார் காலும் தட்டாது. காரின் ஜன்னலிலோ கைப்பிடிச் சுவரிலோ வைத்து எடுப்பதற்கு, ஒரு துணிப்பையில் இரண்டு கிலோ மொச்சையோ அரிசியோ போட்டுத் தைத்து லென்ஸின் அடியில் வைத்தால் போதும். இதைக் கடையில் விலை கொடுத்து வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள்!

இவ்வளவும் இருந்தும் நடுப்பகலில் எடுத்த படம் கலங்கித்தான் தெரியும். வெயிலில் தண்ணீருக்கும் கரைக்கும் மேலே காற்று நெளிகிறது. எந்த விலை லென்ஸும் அதற்கு மருந்தாகாது. காலை ஒன்பது மணிக்குள் வேலையை முடித்துக்கொண்டு, கட்டுச்சாதக் கூடையைத் திறந்துவிடுவதே உசிதம். மாலையில் பறவைகள் கூட்டமாகக் கூடு திரும்பும்போது மறுபடியும் கரைக்கு வரலாம்.

எல்லா ஊருக்கும் ஒரே லென்ஸ் தேவை என்பதும் இல்லை. திருநெல்வேலிச் சீமையில் கூந்தன்குளத்தில், மஞ்சள் மூக்கு நாரைகள் ஊருக்குள்ளேயே வீட்டு மரங்களில் கூடு கட்டுகின்றன. பறவை வருவது ஊருக்கு அதிர்ஷ்டம் என்று ஜனங்கள் நம்புகிறார்கள். அங்கே தெருவில் நின்றபடி 200 மில்லி மீட்டரிலேயே அருமையான படம் எடுக்கலாம். சென்னைப் பள்ளிக்கரணையிலோ பறவை எங்கேயோ, சாலை எங்கேயோ. 600 கூடக் குறைச்சல் என்று தோன்றும்.

இப்போது மிக முக்கியமான விஷயம். 60 மீட்டரிலிருந்து 30 மீட்டருக்குப் போனால் பறவை இரண்டு பங்கு பெரிதாகத் தெரியும்; லென்ஸை இரண்டு பங்கு நீளமாக்கியதற்குச் சமம். காசு செலவில்லாத உபாயம்! அதனால்தான் பலருக்கும் கிட்டே போகிற சபலம் வருகிறது. வேடந்தாங்கலில் நடுவே தண்ணீர் இருக்கிறது; பறவைகள் பிழைத்தன. மற்ற இடங்களில் அப்படி இல்லை. குஞ்சுக்கு வெயில் படாமல் சிறகை விரித்துக் குடையாக நிற்கும் தாய் நாரை, மனிதன் நெருங்கினால் எழுந்து பறந்துவிடும். அரை மணி நேரம் அது திரும்பாவிட்டால், வெயில் ஒரு பக்கம், காக்கை ஒரு பக்கம். குஞ்சின் கதி என்ன? நமக்கு ஒரு படம். அதற்கு ஒரு பிள்ளை. நீளமான லென்ஸின் உண்மையான உபயோகம் பறவையை நம் அருகே இழுப்பது அல்ல. நம்மைப் பறவையிடமிருந்து தள்ளி நிறுத்துவது. அந்தக் காரணத்துக்காகச் செலவழித்தால் அது வீண் செலவு ஆகாது.

விலை உயர்ந்த சாமான் இருந்தால்தான் நல்ல படம் வரும் என்பதும் இல்லை. நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வர் மா. கிருஷ்ணன் (1912-1996), பல காமிராக்களின் பாகங்களைத் தாமே பொருத்தி ஒரு விசித்திரமான கருவியைச் செய்துகொண்டு, காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். அந்தப் படங்களை இன்றும் பார்த்து வியக்கிறோம். 1970-ல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது. நம் காலத்தில் தேனிப் பக்கத்துப் பெண்மணி ராதிகா ராமசாமி, கம்ப்யூட்டர் படிப்புப் படித்துவிட்டுப் பறவைகளின் பின்னால் காமிராவோடு போய்ப் பெரும் பெயர் எடுத்திருக்கிறார். இது ஆண்களுக்கே உரிய சங்கதி என்று சொல்ல இனி யாருக்கும் வாய் இல்லை.

ஆகவே, சகோதரிகளே, வீட்டில் லென்ஸ் பேச்சு எழுந்தால் உடனே வேண்டாம் என்றும் சொல்லாதீர்கள். சரி என்றும் சொல்லாதீர்கள். முதல் முறை ஒரு நல்ல பைனாகுலரோடு குடும்ப சமேதராகப் போய்ப் பாருங்கள். எட்டுப் பங்கு பெருக்கும் பைனாகுலர் போதும். குழந்தைகளும் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். ஆசை அப்புறமும் அடங்காவிட்டால், சென்னையில் லென்ஸை நாள் வாடகைக்குத் தருகிறார்கள். ஒரு சனி ஞாயிறு எடுத்துப் போய்த் தூக்கிப் பார்த்து, பிறகு விலை பேசுங்கள். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற நிதானம் இதற்கும் வேண்டும். புறப்படும் முன் ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். மழை பொய்த்த வருஷத்தில் பத்து லட்ச ரூபாய் லென்ஸ் வைத்துக்கொண்டிருப்பவருக்கும் வெறும் மரம்தான் கிடைக்கும்.