விடிலி அடுப்பு

பனைத்தொழில் என்றால் பத்திரிகைகளில் வரும் படம் ஒன்றுதான். காலில் தளைநார், இடுப்பில் அருவாப்பெட்டி, பாதி மரத்தில் ஓர் ஆண். உடன்குடிக்கும் குலசேகரன்பட்டினத்துக்கும் நடுவே செம்மணல் தேரி ஓரமாக இருக்கும் ஒரு விடிலிக்கு நான் போனதும் அந்தப் படத்துக்காகத்தான். அதைச் சீக்கிரமே எடுத்து முடித்துவிட்டேன். மிச்சப் பொழுது முழுக்கக் கீழேதான் உட்கார்ந்திருந்தேன். வேலை கீழேதான் நடந்துகொண்டிருந்தது.

விடிலி என்பது பனங்காட்டுக்குள் பனையோலையாலேயே கட்டிக்கொள்ளும் குடிசை. பங்குனியில் பாளை தள்ளியதும் ஊர் வீட்டைப் பூட்டிவிட்டுக் குடும்பம் இங்கே வந்துவிடுகிறது. ஆடி, ஆவணி வரை இதுதான் வீடு, இதுதான் பட்டறை. சிவந்த தேரி மண்ணில் முற்றம். ஓரத்தில் உடைமுள் விறகு, காய்ந்த மட்டை, பாளை என்று ஆள் உயரத்துக்கு ஒரு குவியல். உடைமரத்து நெத்துக்காக அலையும் நாலைந்து ஆடுகள், ஒரு தாய்க்கோழி, அதன் குஞ்சுகள். தண்ணீருக்கு நீல நிற பிளாஸ்டிக் டிரம் இரண்டு. அவற்றை நிரப்புவதற்கு மட்டும் காலையில் ஒருவர் குடத்தோடு போய்வர வேண்டும்.

“வாங்க தம்பி, நெழல்ல இருங்க. பயினி குடிக்கியளா?” என்று ஓலைப்பட்டையில் பதநீரை ஊற்றிக் கொடுத்தார் அந்த விடிலி அக்கா. வெயில் ஏறுவதற்குள் குடித்துவிட வேண்டும் என்றார்.

அவர் கணவர், அண்ணாச்சி, விடியும் முன்னே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு புறப்பட்டிருந்தார். ஏறுவது ஏறத்தாழ நாற்பது பனை. ஆண் மரமான அலகுப்பனை, பெண் மரமான பருவப்பனை இரண்டிலும் பதநீர் உண்டு. பாளையை முதலில் கடிப்பால் சில நாள் இடுக்கிப் பக்குவப்படுத்தி, அதன்பின் நுனியைச் சீவத் தொடங்குவார்கள். ஒவ்வொரு சீவலும் ஓலை கனம்தான். காலையில் இறக்கிச் சீவி, சாயங்காலம் மறுபடியும் ஏறிச் சீவ வேண்டும். விட்டால் பாளை காய்ந்துவிடும். அதனால் பருவம் முடியும்வரை கல்யாணமோ துட்டியோ, இவர்கள் வீட்டிலிருந்து முழுக் குடும்பமும் போனதாக இருக்காது. ஒருவர் போவார், போன வேகத்தில் திரும்புவார். பாளை அரிவாளைப் பலகையில் கல்பொடி தூவித் தீட்டிக்கொண்டே அண்ணாச்சி இதைச் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, பஸ் நேரம் சொல்வது மாதிரிச் சொன்னார்.

சுண்ணாம்பு அக்காவின் பொறுப்பு. முந்தின நாள் கலயங்களைக் கழுவி, காயவைத்து, உள்ளே சிப்பிச் சுண்ணாம்பு தடவிக் கொடுப்பவர் அவர்தான். சுண்ணாம்பு இல்லாத கலயத்தில் வடிவது மரத்திலேயே புளித்துக் கள்ளாகிவிடும். தமிழ்நாட்டில் 1987 ஜனவரி முதல் கள் இறக்கத் தடை. அதிகம் தடவினாலோ கருப்பட்டியின் நிறமும் ருசியும் கெட்டுப்போகும். “கொறஞ்சா போலீஸ்காரன் வருவான், கூடுனா யாவாரி திருப்பி அனுப்பிருவான்” என்று சிரித்தார். அளவு கேட்டேன். விரலைக் காட்டினார்.

பதநீர் வந்து சேர்ந்ததும் பன்னாடையில் வடிகட்டித் தாச்சியில் ஊற்றி அடுப்பைப் பற்றவைத்தார். அதிலிருந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் அந்த அடுப்பு அவரை நகரவிடவில்லை. முதலில் பெருந்தீ வேண்டும். உடைமுள் விறகு நின்று எரியும், ஓலை குப்பென்று பிடித்து அடங்கும். எதை எப்போது தள்ளுவது என்பதே பாதி வித்தை. பதநீர் கொதித்துப் பொங்கி வரும்போது இரண்டு ஆமணக்கு முத்தை நசுக்கிப் போட்டார். விளிம்பைத் தொட்ட நுரை அப்படியே அடங்கி இறங்கியது. அடுப்புக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த எனக்கே கண் எரிந்து நீர் கொட்டியது. ஓலைக்கூரையின் கீழ் புகைக்குப் போக வழி கிடையாது. பருவம் முழுக்க, தினமும், இந்தப் புகைக்குள் நிற்கிறார். இருமல் இருக்கிறதா என்று கேட்டதற்கு, “எப்பம் இல்ல?” என்றார்.

கொதித்து வற்றிக் கூப்பனி என்னும் பாகு ஆகும் நேரம்தான் கொஞ்சம் ஓய்வு. ஓய்வு என்பது என் வார்த்தை. அந்த நேரத்துக்குள் பக்கத்து அடுப்பில் சோறு வடித்தார், பள்ளிக்கூடம் போகும் மகளுக்குத் தூக்குச்சட்டியில் கட்டிக் கொடுத்தார், ஆட்டுக்குத் தண்ணீர் காட்டினார், கலயங்களில் பாதியைக் கழுவிக் கவிழ்த்தார். ஒவ்வொரு வேலைக்கும் நடுவே வந்து துடுப்பால் ஒரு கிண்டு. மகளும் சும்மா இல்லை. கிளம்பும் முன் சிரட்டைகளைத் தண்ணீரில் நனைத்து, சாயாமல் இருக்க மணலில் பதித்து வரிசையாக அடுக்கிவிட்டே சைக்கிளை எடுத்தாள்.

பதம் வந்ததை அறிய அக்காவிடம் கருவி ஒன்றும் இல்லை. ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் பாகைச் சொட்டி, விரலால் உருட்டிப் பார்க்கிறார். இளகினால் இன்னும் வேக வேண்டும், உருண்டு நின்றால் இறக்க வேண்டும். அந்த நிமிடம் தப்பினால் அடிப்பிடித்துப் போகும். இறக்கிய பிறகும் விடாமல் துடுப்பால் கிண்டி, பாகு நிறம் மாறிக் கெட்டிப்படத் தொடங்கும்போது சிரட்டையில் ஊற்றுகிறார். ஆறியதும் கவிழ்த்து ஒரு தட்டு. வட்டக் கருப்பட்டி கையில் விழுகிறது. இவை அடுப்புக்கு மேலே உள்ள பரணுக்குப் போகும். கண்ணை எரிக்கும் அந்தப் புகைதான் கருப்பட்டியை ஈரம் அண்டாமல் காக்கிறது.

எட்டிலிருந்து பத்து லிட்டர் பதநீர் காய்ந்தால்தான் ஒரு கிலோ கருப்பட்டி. இந்தக் கணக்கில் மரப் பாட்டம் உண்டு, வியாபாரி மழைக்காலத்தில் கொடுத்த முன்பணம் உண்டு, விறகு உண்டு. அடுப்படியில் நிற்கும் ஆளுக்குக் கூலி இல்லை. வெளி ஆள் வைத்துக் காய்ச்சினால் கட்டுபடியாகுமா என்று கேட்டேன். “நல்லாக் கேட்டிய! அப்பம் பனையேற வேண்டாம், சும்மா படுத்துக்கிடலாம்” என்றார் அண்ணாச்சி. பனைத்தொழில் பிழைத்துக் கிடப்பது எழுதப்படாத அந்தக் கூலியில்தான் என்பது என் எண்ணம். ஏற ஆள் இல்லை என்று எல்லோரும் எழுதுகிறோம். காய்ச்ச ஆள் இல்லாமல் பனையை விட்டவர்களும் இருக்கிறார்கள். அண்ணாச்சியின் தம்பி அப்படித்தான் திருப்பூர் போனாராம்.

உழைப்பை மிச்சப்படுத்தக் குறுக்குவழி ஒன்று இருக்கிறது, சீனி. தாச்சியில் சீனியைக் கொட்டினால் எடை கூடும், விறகு மிஞ்சும், நேரம் மிஞ்சும். உடன்குடிப் பனங்கருப்பட்டி புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறது. அந்தப் பெயரையே போட்டுச் சீனிக் கருப்பட்டி ஊர் ஊராகப் போகிறது. “ஒங்ககிட்டயும் போடச் சொல்லிக் கேப்பாவளா?” என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். கேட்பார்கள் என்றார். போடுவீர்களா என்று நான் கேட்கவில்லை. பக்கத்தில் சீனி மூட்டை எதுவும் இல்லை என்பதை மட்டும் பார்த்தேன்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். பனை தமிழ்நாட்டின் மாநில மரம். 2021இல் வந்த முதல் வேளாண் பட்ஜெட் பனை மேம்பாட்டு இயக்கத்தை அறிவித்தது. 76 லட்சம் பனை விதை கொடுப்போம் என்றது, ஆட்சியர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்றது. பனைமரத் தொழிலாளர்களுக்கு நல வாரியமும் இருக்கிறது. மரம் ஏறும் கருவியைப் பற்றியும் அடிக்கடி பேசுகிறார்கள். நல்லதுதான், விழுந்து இடுப்பு ஒடிந்தவர்கள் இந்தப் பக்கம் ஊருக்கு ஊர் உண்டு. ஆனால் மரத்துக்குக் கிடைக்கும் பேச்சில் கால்வாசிகூட அடுப்புக்குக் கிடைப்பதில்லை. புகையை வெளியே தள்ளும் ஒரு நல்ல அடுப்பும் குழாயும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. ராக்கெட் ஏவுதளமே குலசேகரன்பட்டினத்தில் கட்டுகிறார்கள், 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியாயிற்று. அதிலிருந்து கூப்பிடு தூரம் இல்லாவிட்டாலும் சைக்கிள் தூரத்தில் விடிலிகள் இருக்கின்றன.

கிளம்பும்போது நல்ல கருப்பட்டிக்கு அடையாளம் கேட்டேன். “மழக்காலத்துல கசியணும் தம்பி. எப்பமும் கல்லு மாரி கெடந்து, ஒடச்சா மினுமினுன்னு இருந்தா அதுல சீனி கெடக்கு” என்றார் அக்கா.

சித்திரை, வைகாசியில் திருச்செந்தூர் போகிறவர்கள் மணப்பாடு சாலையில் கொஞ்ச தூரம் உள்ளே வந்தால் விடிலிப் புகை கண்ணில் படும். காலையிலேயே வாருங்கள், பயினியும் கிடைக்கும். வியாபாரி கொடுப்பதைவிடக் கூடுதலாகக் கொடுத்து நேராக வாங்குங்கள். பணத்தை அடுப்படியில் நிற்பவர் கையில் கொடுங்கள்.