அன்னையார் நினைவில் ஓர் இசைத்தொகுப்பு

2019-ஆம் ஆண்டில் சிவபதம் எய்திய எம் அன்னையாரின் நினைவாகத் திருமுறை இசைத்தொகுப்பொன்று வெளியிட்டு, அதன் வருவாயைத் திருமுறை பயிலும் ஏழை மாணாக்கர்க்கு உணவளித்தற்கு ஆக்கக் கருதினோம். தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என்னும் பஞ்சபுராண முறையே அதற்கும் முறையாயிற்று. ஏனைய நான்கினையும் ஓதுவார் இருவர் பாடினர். திருவாசகத்திற்கு அன்னையாரின் குரலே, கைப்பேசியிற் பதிந்தது, எம்மிடம் இருந்தது. ஓதுவார்கள் பெரும்பாலும் மோகனத்தில் ஓதும் அதனை, எம்மைத் தொட்டிலில் இட்ட நாள்தொட்டு அவர் நீலாம்பரியிலேயே பாடுவார். இடையே இருமலும் உண்டு. இசையறிந்தார் நகுவரோ என்றஞ்சி முதிய ஓதுவாரை வினவினேன். அவர் இருமுறை கேட்டு, “தேவாரத்திற்குப் போலத் திருவாசகத்திற்குப் பண் வகுக்கப்படவில்லை, மோகனம் வழக்கேயன்றி விதியன்று. இதிற் குற்றம் யாது?” என்றார். இருமலையேனும் நீக்கலாமோ என்றேன். விடை கூறாது மூன்றாம் முறையும் கேட்கலாயினார். நீக்கினோமில்லை.